ஏழுமலை இறங்கும்போது கார் தானே கரண்ட் சேர்க்கும்... தெரியுமா?

பெட்ரோல் டேங்கும் உண்டு, வீட்டுச் சுவரில் செருகும் ஒயரும் உண்டு! இரண்டையும் ஒன்றாகச் சுமந்து ஓடுகிறது பிளக்-இன் ஹைபிரிட் கார். அந்தக் காரைச் சித்தூர், திருப்பதிச் சாலைகளில் ஓட்டினால் என்னென்ன நடக்கும்? அதற்கும் இந்த மண்ணுக்கும் என்ன சொந்தம்? படித்துப் பாருங்கள், மலைத்துப் போவீர்கள்!

1. சித்தூர் டு திருப்பதி: பெட்ரோல் தேவைப்படாமலே போகலாம்!

பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகச் சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சுமார் 70 கி.மீ. 2022 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த பி.எம்.டபிள்யூ எக்ஸ்.எம். என்ற பிளக்-இன் ஹைபிரிட்டின் பேட்டரி 25.7 யூனிட் மின்சாரம் தரும். ஆய்வுக்கூடக் கணக்குப்படி அதில் 80 கி.மீ.க்கு மேல் ஓடலாம். ஏ.சி.யும் வேகமும் கூடினால் அந்தத் தூரம் குறையும்தான். ஆனால், சந்திரகிரி தாண்டி பேட்டரி தீர்ந்தாலும் நடுவழியில் நிற்க வேண்டியதில்லை. இன்ஜின் அந்த நொடியே பொறுப்பேற்றுக்கொள்ளும்!

2. இரண்டு டன் காரைத் திருமலைக்கு ஏற்ற எத்தனை யூனிட்?

திருப்பதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, திருமலை சுமார் 850 மீட்டரில். இரண்டு டன் எடையுள்ள காரை அந்த 690 மீட்டர் மேலே தூக்க இயற்பியல் கேட்கும் கூலி எவ்வளவு தெரியுமா? 4 யூனிட்டுக்கும் குறைவு! சாலை உராய்வு, காற்றுத் தடை, மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்ந்தால் செலவு கூடும். ஆனாலும் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் சுமார் 9 யூனிட் சக்தி அடைந்து கிடக்கிறது. அதில் பாதிக்கு மேல் இன்ஜினில் வெறும் சூடாகப் போய்விடுவதால்தான் மலையேறும்போது அவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது!

3. இறங்கும்போது கொடுத்ததைத் திருப்பி வாங்கலாம்!

1944-ல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதைதான் இன்று கீழே இறங்கும் வழி. ஏறுவதற்கு 1974-ல் வந்த இரண்டாவது பாதை. சாதாரண கார் இறங்கும்போது அந்தச் சக்தி பெரும்பாலும் பிரேக்கில் சூடாகி வீணாகிறது. பிளக்-இன் ஹைபிரிட்டில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் சுழற்சியை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. மலையடிவார அலிபிரிக்கு வந்து சேரும்போது, திருமலையிலிருந்து கிளம்பியபோது இருந்ததைவிட அதிக சார்ஜ் காட்டும்!

ஒரு ரகசியம்: பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தால் இந்த வரவு கிடைக்காது, வாங்கி வைக்க இடம் இருக்காதே! அதனால் ஏறும்போது மின்சாரத்திலேயே ஏறுங்கள். பேட்டரியில் இடம் காலியாகும், இறங்கும்போது அது நிரம்பும்.

4. இதே வித்தையை ஆர்.டி.சி. பஸ்கள் தினமும் செய்கின்றன!

2022 செப்டம்பர் 27, பிரம்மோற்சவ நேரம். திருமலை - திருப்பதி மலைப்பாதையில் ஆந்திர ஆர்.டி.சி.யின் முதல் 10 மின்சார பஸ்கள் தொடங்கி வைக்கப்பட்டன. மொத்தத் திட்டம் 100 பஸ்கள்! அவற்றைத் தயாரித்த ஹைதராபாத்தின் ஒலெக்ட்ரா நிறுவனத்துக்குத் தொழில்நுட்பத் துணை சீனாவின் பி.ஒய்.டி. அந்த பி.ஒய்.டி. யார் தெரியுமா? 2008 டிசம்பரில் எஃப்3டி.எம். என்ற காரை விற்பனைக்கு விட்டு, உலகின் முதல் பெருமளவுத் தயாரிப்பு பிளக்-இன் ஹைபிரிட்டைத் தந்த நிறுவனமே அதுதான்!

5. பெரிய பேட்டரியை எழுப்புவது சின்ன பேட்டரி!

நூற்றுக்கணக்கான வோல்ட் பேட்டரி வயிறு நிறைய சார்ஜோடு இருந்தாலும், ஓரமாக உட்கார்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி செத்துப்போனால் கார் அசையாது! கணினி, பூட்டு, பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்ச் எல்லாம் அந்தச் சின்னதை நம்பித்தான் இருக்கின்றன. 12 வோல்ட் கார் பேட்டரிகளில் இந்தியா முழுக்கத் தெரிந்த பச்சை நிற அமரான், திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் தலைமையிடம் கொண்ட அமர ராஜாவின் தயாரிப்பு. கல்லா ராமச்சந்திர நாயுடு 1985-ல் தொடங்கிய நிறுவனம் அது. 2021-ல் லித்தியம் செல் ஆய்வு மையத்தையும் திருப்பதியிலேயே திறந்தார்கள். அடுத்த ஆண்டே சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் திருப்பதி எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்பேட்டையில் செல்போன்களுக்கான லித்தியம் செல் தயாரிப்பின் முன்னோட்டத்தைத் தொடங்கியது!

6. பெட்ரோலுக்கும் வயசாகும்!

தினமும் சார்ஜ் போட்டு ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு ஒரு விசித்திரச் சிக்கல் வரும்: டேங்கில் போட்ட பெட்ரோல் மாதக்கணக்கில் தீராது, பழசாகிவிடும்! 2010 இறுதியில் அமெரிக்காவில் வந்த செவ்ரோலே வோல்ட், இன்ஜின் சுமார் ஆறு வாரம் ஓடாமல் கிடந்தால் சற்று நேரம் ஓட்டிவைக்கச் சொல்லும். பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒரு வயசாகிவிட்டால் அதையும் எரித்துத் தீர்க்கும்!

7. பெட்ரோலையும் மின்சாரத்தையும் சேர்க்கும் யோசனைக்கு 125 வயது!

1900-ல், 25 வயதை எட்டியிருந்த ஃபெர்டினாண்ட் போர்ஷே 'செம்பர் விவுஸ்' என்ற வண்டியை உருவாக்கினார். பெட்ரோல் இன்ஜின்கள் மின்சாரம் தயாரிக்க, முன்சக்கரங்களுக்குள் பொருத்திய மோட்டார்கள் வண்டியை இழுத்தன!

8. வீட்டு பிளக் பாயின்ட்டே பங்க்!

ஏ.சி.க்குப் போடும் 16 ஆம்பியர் பாயின்ட் போதும், மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். 18 யூனிட் பேட்டரிக்கு இரவு பத்து மணிக்குப் போட்டால், கோழி கூவும் முன் முழு சார்ஜ்! ஆனால் எர்த்திங் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பல சார்ஜர்கள் வேலை செய்யவே மறுத்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒருபோதும் போடாதீர்கள், ஒயர் சூடாகித் தீப்பிடிக்கலாம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ரேணிகுண்டா வெயில் பேட்டரிக்கு எதிரி, நிழலில் நிறுத்துங்கள்.

9. வரி எவ்வளவு தெரியுமா?

2025 செப்டம்பர் 22 முதல் முழு மின்சார காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பெரிய ஹைபிரிட்டுக்கோ 40 சதவீதம்! பிளக் இருந்தாலும் இன்ஜின் இருப்பதால் அது ஹைபிரிட் கணக்குதான். 2015-ல் வந்த பி.எம்.டபிள்யூ ஐ8 தொடங்கி எக்ஸ்.எம். வரை இங்கே விற்ற பிளக்-இன் ஹைபிரிட்கள் பெரும்பாலும் கோடீஸ்வரர் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டன.

10. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆச்சரியம்!

2021-ல் ஐரோப்பாவில் பதிவான பிளக்-இன் ஹைபிரிட்கள் சாலையில் உண்மையில் எவ்வளவு எரிபொருள் எரித்தன என்று அந்தந்தக் காரில் இருந்த மீட்டரை வைத்தே ஐரோப்பிய ஆணையம் கணக்கெடுத்தது. 2024-ல் முடிவு வந்தது: வெளிவந்த கரியமில வாயு, ஆய்வுக்கூடக் கணக்கைப் போல சராசரியாக மூன்றரை மடங்கு! காரணம்? எதிர்பார்த்த அளவுக்கு யாரும் சார்ஜ் போடவில்லை, மின்சாரத்தில் ஓட்டவில்லை!

சார்ஜ் போடாத பிளக்-இன் ஹைபிரிட், கனமான பேட்டரியைச் சுமக்கும் பெட்ரோல் கார், அவ்வளவுதான். இத்தனை அதிசயமும் அந்த ஒரு ஒயரை நம்பியே இருக்கிறது. ஆகவே நண்பர்களே, நாளை இந்தக் கார் உங்கள் வீட்டுக்கு வந்தால், முதலில் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்திங்கைச் சரிபாருங்கள். பிறகு தினமும் இரவு மறக்காமல் சார்ஜ் போடுங்கள்!