பாட்டு அவர்களுடையது, பதிவு யாருடையது?

திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் லோக்கல் ரயில் அரக்கோணம் வழியாகத்தான் போகிறது. பாடகர் அறிவு அந்த ஊர்க்காரர் என்பதில் இந்தப் பக்கத்துப் பையன்களுக்குத் தனிப் பெருமை. அவர் குரலைப் பலரிடம் கொண்டுபோனது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு.

அந்தக் குழுவின் முதல் கச்சேரி: 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 பேர் கோட் சூட்டில் மேடையேறினார்கள். கானா, ராப், ராக் எல்லாம் கலந்தன. எலெக்ட்ரிக் கிதாருக்குப் பக்கத்திலேயே சட்டி, கட்டமோளம், பறை. சாவு வீட்டு வாசலோடு நிறுத்திவைக்கப்பட்ட வாத்தியங்களுக்கு அன்று நடுமேடையில் இடம் கிடைத்தது. ஆண்கள் பாட்டாகவே இருந்த கானாவை இசைவாணி எடுத்துப் பாடினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அறிவு 2019இல் 'தெருக்குரல்' ஆல்பம் தந்தார், 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் சுற்றியது. ஒரு குழுவில் கூடியவர்கள் தனித்தனியாகவும் இத்தனை தூரம் போயிருக்கிறார்கள்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. இந்த மாதிரிப் பாட்டெல்லாம் இருபது வருஷம் கழித்து யார் கையில் இருக்கும்?

பாட்டைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 'மைனர் த்ரெட்' என்று ஒரு பங்க் ராக் இசைக்குழு இருந்தது. 1980இல் தொடங்கி 1983இல் கலைந்துவிட்டது. மொத்தப் பாட்டும் ஒரே சிடியில் அடங்கும்: 26 பாட்டு. குடியும் போதையும் வேண்டாம் என்று அவர்கள் 46 விநாடியில் பாடிய ஒரு பாட்டிலிருந்து ஓர் இளைஞர் இயக்கமே கிளம்பியது. அந்தப் பாட்டு இன்றும் கேட்கக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் அதற்கு முந்தைய குழுவில் சம்பாதித்த சொற்பக் காசைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் சொந்தமாக இசைத்தட்டு போட்டார்கள். உறையைக்கூடக் கையாலேயே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். அப்படிப் பிறந்த 'டிஸ்கார்ட்' நிறுவனம்தான் இன்றைக்கும் அந்தப் பாட்டுகளை விற்கிறது. மெக்கேயின் பிற்காலக் குழுவான 'ஃபுகாசி', 800க்கு மேற்பட்ட கச்சேரிகளின் ஒலிப்பதிவைச் சேர்த்துவைத்து, 2011இல் வெளியிடத் தொடங்கியது.

நம் பக்கம் நடப்பது வேறு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வந்து பாருங்கள். சித்தூர்ப் பக்கமிருந்தும் வேலூர்ப் பக்கமிருந்தும் பூக்காவடிகள் மலையேறும். கூடவே பம்பை, உடுக்கை. கூட்டத்தில் நூறு செல்போன்கள் அதைப் படம் பிடிக்கும். வாசித்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை. வீடியோ யாரோ ஒருவர் பக்கத்தில் ஏறும், பார்வை கூடும், விளம்பரக் காசும் வரும். பம்பைக்காரருக்கு அன்றைய கூலியோடு சரி. கானா பாடும் பையன்கள் கதையும் பெரும்பாலும் இதுதான்: கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பாடிவிட்டு வருகிறார்கள், எழுத்தில் எதுவும் இருக்காது. இணையத்தில் போட்டதால்தானே பேர் கிடைத்தது என்பார்கள் சிலர். பேர் சரி, பாட்டு யாருடையது?

சட்டம் இவர்கள் பக்கம்தான் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டப்படி பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் தங்கள் நிகழ்ச்சி மீது 50 ஆண்டு உரிமை உண்டு. பதிவை வைத்துப் பிறர் சம்பாதித்தால் அதில் பங்கு கேட்கலாம் என்று 2012 திருத்தம் சேர்த்தது. இதை அவர்கள் தெருவுக்கே போய்ச் சொல்ல வேண்டும். வாய்ப்பேச்சுக்குப் பதில் தமிழில் ஒரு பக்க ஒப்பந்தம் போதும். திருத்தணியிலோ அரக்கோணத்திலோ ஏதாவது ஒரு நூலகம் ஓர் அலமாரியும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் ஒதுக்கினால், அடுத்த ஆடிக் கிருத்திகையிலேயே தொடங்கிவிடலாம். ஒவ்வொரு பதிவோடும் வாசித்தவர் பெயர், ஊர், தேதி. ஒரு பிரதி நூலகத்தில், இன்னொன்று வாசித்தவர் வீட்டில்.