தக்காளிப் பூ தன்னையே நம்பியது ஏன்?

தக்காளிப் பூவின் நடுவில் மகரந்தப்பைகள் ஒட்டிக்கொண்டு மஞ்சள் கூம்பாக நிற்கும். அதை நகத்தால் கீறிப் பிரித்தால் உள்ளே சூலகத்தண்டும், அதன் நுனியில் சூலகமுடியும் தெரியும். மகரந்தம் கூம்பின் உட்புறமாகவே உதிர்வதால், காற்று சற்று அசைத்தாலே காய் பிடித்துவிடும். பெருவிலும் சிலியிலும் வளரும் அதன் காட்டு உறவுகள் பலவற்றில் சூலகமுடி கூம்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். அதில் தன் மகரந்தமே விழுந்தாலும் பயனில்லை. மகரந்தக்குழாய் சூலகத்தண்டுக்குள் இறங்கும்போது அங்குள்ள ஒரு நொதி அதன் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்து வளர்ச்சியை நிறுத்திவிடும். வேறு மரபணு வகை கொண்ட செடியின் மகரந்தத்துக்கு மட்டுமே வழி உண்டு. இவ்வளவு கட்டுக்காவலைத் தக்காளியின் முன்னோர் கைவிட்டதற்குக் காரணம் உடனடி லாபம் என்பதே என் வாதம்.

லாபக் கணக்கை 1941இல் ரொனால்ட் ஃபிஷர் காட்டினார். தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் செடி தன் விதைக்குத் தாயும் தந்தையும் தானே ஆகிறது. அயல் செடிகளுக்கும் மகரந்தம் தருகிறது. மற்றவை தம் மரபணுக்களை 2 பங்கு கடத்தினால் இது 3 பங்கு கடத்தும். தேனீ எட்டிப்பார்க்காத இடத்திலும் காய்க்கும். அப்படியானால் எல்லாப் பூக்களும் இவ்வழிக்கு ஏன் வரவில்லை? டார்வின் 1876இல் வெளியிட்ட நூலில் விடை இருக்கிறது. ஐப்போமியா பர்ப்யூரியா கொடியை அவர் 10 தலைமுறை வளர்த்து ஒப்பிட்டார். அயல்சேர்க்கையில் பிறந்தவற்றின் சராசரி உயரம் 100 என்றால், தன்சேர்க்கையில் பிறந்தவை 77தான்.

தன்சேர்க்கை தொடரத் தொடரக் கெட்ட மரபணுக்கள் வெளிப்பட்டுக் கழிந்துவிடுமே என்று கேட்கலாம். கொல்லும் அளவுக்குக் கொடியவை கழியும், உண்மைதான். சிறு தீமை செய்பவையோ தற்செயலாக நிலைத்துவிடும். அவற்றைக் களைய வேறு செடியின் மரபணு வந்து கலக்காது. நெல்லும் கோதுமையும் தன்சேர்க்கையில்தானே செழிக்கின்றன என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆனால் அவற்றுக்கு உழுது விதைக்க மனிதர் இருக்கிறார்கள். இன்றைய செழிப்பு ஒரு வம்சத்தின் ஆயுளுக்கு அளவுகோலும் ஆகாது. தக்காளி, கத்தரி, மிளகாய் அடங்கிய குடும்பத்தின் வம்சாவளியை 2010இல் ஆராய்ந்தபோது, தன் மகரந்தத்தை மறுக்கும் கிளைகளே நிகர அளவில் வேகமாகப் பெருகியது தெரிந்தது. அந்தத் திறனைப் பல கிளைகள் இழந்திருக்கின்றன. இழந்த பின் மீட்டதற்குச் சான்று இல்லை.

பயிராக்கியதாலும் தக்காளியின் மரபணு வளம் குறுகியது. எல்லாப் பழியையும் பூவின் மேல் போட முடியாது. ஆனாலும் வேர்முடிச்சு நூற்புழுவை எதிர்க்கும் மரபணு தேவைப்பட்டபோது, 1940களில் வளர்ப்பாளர்கள் தன் மகரந்தத்தை மறுக்கும் பெருவியக் காட்டினத்திடம்தான் போனார்கள். அந்தக் கலப்பில் உருவான கரு தானாகப் பிழைக்காததால், அதைப் பிரித்தெடுத்து ஊட்ட ஊடகத்தில் வளர்க்க வேண்டியிருந்தது.