கற்பூரப் பொட்டலம்

அட்சய திருதியை நெருங்கினால் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுப் புடவைக்குக் கூட்டம் நெரியும். ராஜாஜி மார்க்கெட் பக்கம் இருக்கும் எங்கள் நாட்டு மருந்துக் கடைக்கு அதே நாட்களில் வேறொரு கூட்டம் வரும். வடக்கே கேதாரம், பத்ரி நடை திறக்கும் சமயம் அது. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், சம்பந்திகளோடு சேர்ந்து கிளம்பும் மாமிகள் என்று எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணே, மேல போனா மூச்சு வாங்குமாமே, அந்தக் கற்பூரப் பொட்டலம் கட்டிக் குடுங்க."

பச்சைக் கற்பூரம் ஒரு துண்டு, ஒரு பிடி ஓமம், ஏழெட்டுக் கிராம்பு. இடித்து, வெள்ளைத் துணியில் சுருக்கி, நூல் சுற்றி, நீலகிரித் தைலம் நாலு சொட்டு விட்டால் தீர்ந்தது. அப்பா காலத்திலிருந்து கட்டுகிறோம். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது இதே பொட்டலம் ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. கற்பூரம் வாங்கக் கடை வாசலில் வரிசை நின்றது. அந்த வியாபாரத்தில் எனக்குப் பெருமை இல்லை. ஏனென்றால் அதற்கு மூன்று வருஷம் முன்பே எனக்கு உண்மை தெரியும்.

2018 மே மாதம் நானும் வீட்டுக்காரியும் கேதார்நாத் போனோம். டேராடூன் வரை விமானம், அங்கிருந்து கார், கடைசியில் ஹெலிகாப்டர். கீழே குடித்த டீயின் சூடு தொண்டையில் இருக்கும்போதே 3,583 மீட்டர் உயரத்தில் நின்றோம். காஞ்சிபுரம் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட இல்லாத ஊர். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். நாங்கள் அதற்கும் மேலே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் போய், அங்கேயே இரவு தங்கவும் அறை போட்டிருந்தோம்.

தரிசனம் நன்றாக ஆனது. சாயங்காலம் அவளுக்குத் தலைவலி. இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்து, "மோந்து பாரு" என்றேன். மோந்தாள். "நல்லாருக்குங்க, மூச்சு லேசா இருக்கு" என்றாள். எனக்கும் தலை கனத்தது, நானும் மோந்தேன். எட்டு மணிக்கு அவள் வாந்தி எடுத்தாள். வாசல் வரை நடக்கும்போது கால் பின்னியது.

மருத்துவ முகாமில் இருந்த டாக்டர் இளைஞர். அவள் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார். 72. நான் விடாமல் பொட்டலத்தை அவள் மூக்கருகே பிடித்தேன். டாக்டர் என்னைத் தடுக்கவில்லை. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். திரையில் 72, 71, மறுபடி 72. பொட்டலத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஆக்சிஜன் குழாயை மாட்டினார். எண் 80ஐத் தாண்டி, 90ஐத் தொட்டது. ஓர் ஊசியும் போட்டார். இரவு முழுக்க அங்கேயே வைத்திருந்து, விடிந்ததும் முதல் ஹெலிகாப்டரில் கீழே அனுப்பினார். குப்தகாசிக்கு வந்ததும் அவள் கேட்டது: "காபி கிடைக்குமா பாருங்க."

ஊருக்கு வந்ததும் படிக்க ஆரம்பித்தேன். மலை மேல் ஆக்சிஜன் விகிதம் குறைந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விகிதம் எங்கும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கேதாரத்தில் ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் ஆக்சிஜன், காஞ்சியில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கயிலாய வலத்தில் வரும் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேலே. அங்கே கிடைப்பது பாதி. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள் கேட்கும். பழகுவதற்குள் மேலே தூக்கிப் போட்டால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. முற்றினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கும். குடித்தவர் போலத் தள்ளாடினாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலும் அது உயிருக்கு ஆபத்தான கட்டம். தாமதிக்காமல் இறக்க வேண்டும்.

கற்பூரம் என்ன செய்கிறது? மூக்கினுள் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தொடுகிறது. காற்று நிறையப் போவதாக ஓர் எண்ணம் வருகிறது. எண்ணம்தான், ரத்தத்துக்கு ஒரு சொட்டு ஆக்சிஜன் கூடுதலாகப் போவதில்லை. எங்கள் விஷயத்தில் அந்தச் சுகமே பகையானது. தலைவலி வந்தவுடன் டாக்டரிடம் போகாமல், மோந்து பார்த்தே மூன்று மணி நேரத்தைக் கழித்தோம். சிலர் இதை விழுங்கவும் செய்கிறார்கள். விழுங்கினால் வலிப்பு வரலாம். குழந்தை வாயில் போட்டால் சின்னத் துண்டே விஷம்.

ஊருக்கு ஊர் ஒரு பொட்டலம் இருக்கிறது. நேபாளத்தில் பூண்டு சூப் தருவார்கள். பெரு, பொலிவியா மலைக்காரர்கள் கோகா இலையை மெல்லுவார்கள். அதன் பெயரைச் சொல்லி நம்மூர் ஹோமியோபதிக் கடைகளில் கோகா உருண்டை விற்கிறது. லடாக்கில் சோலோ என்று ஒரு செடி. இளந்தளிரை அங்கே கீரையாகச் சாப்பிடுகிறார்கள், லே நகரில் உள்ள ராணுவ ஆராய்ச்சி நிலையம் அதை ஆராய்கிறது. எனக்கு அதில் ஆசை உண்டு. ஆனால் ஆசை மருந்தாகாது. ஜிங்கோ என்ற சீன மர இலைக்கு நல்ல பேர் இருந்தது. அதை நேபாளத்தில் மலையேறுகிறவர்களிடம் முறையாகச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் மாத்திரை விழுங்கியவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு நோய் வந்தது. ஜிங்கோ சாப்பிட்டவர்களில் 35 பேர். அசிடசோலமைடு சாப்பிட்டவர்களில் 12 பேர்தான்.

இந்த அசிடசோலமைடுதான் டையமாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது. கண் அழுத்தத்துக்கும் தரும் பழைய மாத்திரை. சிறுநீர் வழியாகக் காரத்தை வெளியேற்றி, ரத்தத்தில் லேசாகப் புளிப்பை ஏற்றும். உடனே மூளை, மூச்சை வேகமாக இழு என்று கட்டளை போடும். அதாவது நாலைந்து நாளில் உடம்பு தானாகச் செய்யப்போகும் வேலையை ஒரே நாளில் தொடங்கி வைக்கிறது. ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து 125 மில்லிகிராம், காலையும் இரவும் என்பது வழக்கமான அளவு. விரல் நுனி மரத்தாற்போல ஊரும், அடிக்கடி பாத்ரூம் ஓட வேண்டும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகத்தில் கல் உள்ளவர்களும் ஜாக்கிரதை. டாக்டரைக் கேட்காமல் மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். இதைச் சொல்வதும் ஒரு கடைக்காரன்தான்.

சுக்கு? குமட்டலுக்கு நல்லது, தாராளமாக எடுத்துப் போங்கள். சுக்கும் மிளகும் சீரகமும் போட்டு மந்தாரை இலையில் வேகவைத்த எங்கள் ஊர்க் கோயில் இட்லி, பயணத்துக்கும் தாங்கும். பசியே எடுக்காத அந்த உயரத்தில் அது ஒரு விள்ளல் உள்ளே போனாலே பெரிய விஷயம். ஆனால் அதுவும் சோறுதான், மருந்தில்லை.

"உங்க தாத்தா காலத்துல கற்பூரம் மட்டும் வெச்சுக்கிட்டுப் போய்ட்டு வந்தாங்களே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. போனார்கள்; ரிஷிகேசத்திலிருந்து நடந்து போனார்கள். சட்டி என்று சொல்லும் வழித் தங்கல்களில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, வாரக்கணக்கில் ஏறினார்கள். வேலை செய்தது கால். பேர் வாங்கியது கற்பூரம். 1962 சீனப் போரின்போது நம் சிப்பாய்களைச் சமவெளியிலிருந்து அவசரமாக மலைக்கு ஏற்றினார்கள். அப்படி நோயில் விழுந்த 1,925 பேரைப் பார்த்து இந்தர் சிங் என்ற ராணுவ மருத்துவரும் கூட்டாளிகளும் 1969இல் எழுதிய கட்டுரையை உலகமே இன்றும் படிக்கிறது. சிப்பாய்களுக்கு உத்தரவு, நமக்கு என்ன அவசரம்?

தறிக்காரர்களிடம் நான் இப்படிச் சொல்வேன். பாவு தீர்ந்தால் புதுப் பாவைப் பழைய நுனியோடு இழை இழையாக முறுக்கித்தானே சேர்க்கிறீர்கள்? ஆயிரக்கணக்கான இழை. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

எங்கள் ஊரிலேயே ஒரு கயிலாயம் இருக்கிறது, ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயில். கருவறையைச் சுற்றிவரத் தவழ்ந்து நுழைந்து தவழ்ந்து வெளியேற வேண்டும். முட்டி வலியோடு வெளியே வரும் பெரியவர்களைப் பார்க்கும்போது அப்பர் கதை நினைவுக்கு வரும். காலும் கையும் தேய்ந்து உருண்டே கயிலை போனவரை இறைவனே வழிமறித்துத் திரும்பிப் போகச் சொன்னதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அவர் கேட்கவில்லை. இறைவன் அவரைக் குளத்தில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழவைத்தார், காவிரிக் கரையில், சமவெளியில். திரும்பு என்று டாக்டர் சொன்னால் தெய்வக்குற்றம் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

மானசரோவர் யாத்திரையை நடத்தும் மத்திய அரசு 70 வயதுக்கு மேற்பட்டவர்களை அனுப்புவதில்லை. டெல்லியில் ஒரு சோதனை, மலையில் பாதி வழியில் இன்னொரு சோதனை. கேதாரத்துக்கு ஹெலிகாப்டரில் போகும் நாம்தான் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூவாயிரம் மீட்டர் தாண்டிவிட்டால் படுக்கும் இடத்தை ஒரு நாளில் ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு என்பது மலை மருத்துவர்களின் கணக்கு.

இப்போதும் பொட்டலம் கட்டித் தருகிறேன். மேலே ஒரு சீட்டு ஒட்டுவேன்: "மோப்பதற்கு மட்டும்." கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன், மேலே எத்தனை ராத்திரி தங்கல் என்று. நேராக ஹெலிகாப்டரில் ஏறுகிறவர்கள் தரிசனம் முடித்து அன்றைக்கே இறங்கிவிடுங்கள். தங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் ஹர்சிலிலும் கங்கோத்ரியிலும் படுத்து எழுந்துவிட்டுக் கேதாரத்துக்கு வாருங்கள். பயணத் திட்டத்தில் அந்த இரண்டு மூன்று நாளைச் சேர்த்துவிட்டுக் கடைக்கு வாருங்கள், பொட்டலத்துக்குக் காசு வாங்கமாட்டேன்.