சூரியன் மறைந்த பிறகும் சுழல வேண்டும்!

நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யம் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்குள்ள இறால் குளங்களில் துடுப்புச் சக்கரங்கள் சுழன்று தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். அதன் பெயர் 'ஏரேட்டர்'. காற்றிலுள்ள ஆக்சிஜனை நீரில் கரைப்பதே அதன் வேலை.

நாம் சுவாசிக்கும் காற்றில் லிட்டருக்குச் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. வெதுவெதுப்பான உவர்நீரிலோ லிட்டருக்கு 6 அல்லது 7 மில்லிகிராம்தான் கரையும். அது 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்காமல் காக்க வேண்டும். இறங்கினால் இறால்கள் சரியாகத் தீனி எடுக்கமாட்டா. மிகவும் குறைந்துவிட்டால், ஒரே இரவில் குளம் முழுவதும் செத்துப்போகும். பல மாத உழைப்பும் போட்ட பணமும் அதோடு போய்விடும்.

பகலில் கவலை குறைவு. நீரிலுள்ள நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனைத் தருகின்றன. இருட்டியதும் அது நின்றுவிடுகிறது. ஆனால் பாசிகளும் இறால்களும் இரவெல்லாம் சுவாசிக்கின்றன. ஆகவே விடியற்காலையில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு.

அப்படியானால் ஏரேட்டரைச் சூரிய சக்தியால் ஓட்ட முடியுமா? சூரியன் இருக்கும்போது தேவை குறைவு. தேவை மிகும்போது சூரியன் இல்லையே!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 குதிரைத்திறன் ஏரேட்டருக்குச் சுமார் 1.5 கிலோவாட் வேண்டும். இரவில் 10 மணி நேரம் ஓடினால் 15 யூனிட். 1 கிலோவாட் சூரிய மின்தகடுகள் நம் ஊரில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆக, ஓர் ஏரேட்டருக்கே 4 கிலோவாட் தகடுகள். பேட்டரியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடுதல். ஒரு குளத்தில் பல ஏரேட்டர்கள் உண்டு. அத்தனைக்கும் பேட்டரி வாங்கிக் கட்டுப்படியாகுமா?

வேறு வழிகள் இருக்கின்றன. பகல் மின்சாரத்தைப் பகலிலேயே செலவிடலாம். நீர் இறைக்கும் பம்பை அது ஓட்டும். பகலில் சுழலும் ஏரேட்டரையும் ஓட்டும். மேல்நீரில் மிகுந்துள்ள ஆக்சிஜனை, இறால்கள் வாழும் அடிமட்டத்துக்கு அந்த ஏரேட்டர் கலக்கிவிடும். அனுமதி உள்ள இடங்களில், மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பிக்குக் கொடுத்து இரவில் திரும்பப் பெறலாம். மின்வெட்டு வந்தால்? டீசல் ஜெனரேட்டர் கிளம்பும்வரை தாங்கும் அளவுக்குப் பேட்டரி இருந்தால் போதும். ஆக்சிஜன் குறையும்போது மணியடித்து எழுப்பும் கருவிக்கோ, ஒரு சிறிய தகடும் சிறிய பேட்டரியுமே போதும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: 75 வாட் மின்விசிறி இரவில் 10 மணி நேரம் ஓட, எத்தனை வாட் தகடு வேண்டும்? பேட்டரி இழப்பை விட்டுவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

(விடை: சுமார் 190 வாட்)