கள்ளிக்காடும் அந்துப்பூச்சியும்

ஒரே வகைச் செடியை உண்டு வாழும் பூச்சிக்கு, அச்செடி காடாக மண்டிக் கிடந்தால் என்ன நேரும்? பூச்சிகள் பெருகும். ஆனால், அந்தப் பெருக்கம் எவ்வளவு காலம் நீடிக்கும்? ஆஸ்திரேலியாவின் சப்பாத்திக்கள்ளி வரலாறு இவ்வினாவிற்கு விடை தருகிறது.

சப்பாத்திக்கள்ளியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். ஆஸ்திரேலியாவிற்குக் கொண்டுவரப்பட்ட அது வேலிச் செடியாகவும் வளர்க்கப்பட்டது. அதனை உண்டு கட்டுப்படுத்தும் பூச்சிகள் அங்கு இல்லாததால், அது கட்டுக்கடங்காமல் பரவியது. 1920களின் நடுவில், குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் ஏறத்தாழ 24 மில்லியன் ஹெக்டர் நிலத்தில் கள்ளி படர்ந்திருந்தது. இது தீபகற்ப மலேசியாவின் பரப்பளவைவிட ஏறக்குறைய இருமடங்காகும். வெட்டியும் எரித்தும் நஞ்சு தெளித்தும் பயனில்லை. ஒடிந்து விழுந்த துண்டுகூட வேர்விட்டு வளர்ந்தது. விவசாயிகள் பலர் தங்கள் நிலத்தைக் கைவிட்டு வெளியேறினர்.

1925ஆம் ஆண்டு, அர்ஜெண்டினாவிலிருந்து ‘காக்டோபிளாஸ்டிஸ்’ எனும் அந்துப்பூச்சியின் முட்டைகள் ஏறத்தாழ 3,000 கொண்டுவரப்பட்டன. இதன் புழுக்கள் பயிர்களைத் தாக்குமா என்று முதலில் சோதிக்கப்பட்டது. அவை கள்ளியை மட்டுமே நாடின. மறு ஆண்டு முதல் இப்பூச்சிகள் கள்ளிக்காடுகளில் விடப்பட்டன.

செடிகள் நெருக்கமாக நின்றது பூச்சிக்குச் சாதகமாயிற்று. முட்டையிடத் தாய்ப்பூச்சி அலைய வேண்டியதில்லை. புழுக்கள் கூட்டமாகத் தண்டைத் துளைத்து உள்ளே தின்றன. ஒரு செடி தீர்ந்ததும் ஊர்ந்து அடுத்த செடியை அடைந்தன. பூச்சிகள் கோடிக்கணக்கில் பெருகின. சில ஆண்டுகளிலேயே பரந்த கள்ளிக்காடுகள் அழுகிச் சாய்ந்தன.

அதன்பின் நிலைமை தலைகீழானது. உணவு தீர்ந்ததால் எண்ணற்ற புழுக்கள் பட்டினியால் மடிந்தன. பூச்சிகள் குறைந்ததும், மண்ணுள் எஞ்சியிருந்த அடிப்பகுதிகளிலிருந்து கள்ளி மீண்டும் துளிர்த்தது. அதைக் கண்ட மக்கள் அஞ்சினர். ஆயினும், துளிர்கள் பெருகியபோது எஞ்சிய பூச்சிகளும் பெருகி, அவற்றையும் அழித்தன. 1930களின் நடுவிற்குள் பெரும்பாலான நிலம் மீட்கப்பட்டது. 1936ஆம் ஆண்டு, குவீன்ஸ்லாந்தின் பூனார்கா எனும் சிற்றூரில் மக்கள் இப்பூச்சியின் பெயரிலேயே ஒரு நினைவு மண்டபத்தைக் கட்டினர்.

கள்ளியும் பூச்சியும் இன்றும் அங்கு வாழ்கின்றன. ஆனால், இரண்டும் குறைந்த எண்ணிக்கையிலேயே உள்ளன. செடிகள் சிதறி நிற்பதால், ஒரு செடியைத் தின்று முடித்த புழுக்களுக்கு அடுத்த செடி எளிதில் எட்டுவதில்லை. சில செடிகள் பூச்சியின் கண்ணில் படாமல் தப்புகின்றன. அவ்வாறு தப்பும் செடிகளே பூச்சியின் அடுத்த தலைமுறைக்கும் உணவாகின்றன.

ஆகவே, செடியின் அடர்த்தி பூச்சியின் எண்ணிக்கையை உயர்த்துகிறது. உயர்ந்த எண்ணிக்கையோ அந்த அடர்த்தியையே குலைக்கிறது. ஆஸ்திரேலியாவில் அழிந்தது களை என்பதால் மக்கள் மகிழ்ந்தனர். அதே இடத்தில் ஒரே பயிர் நெருக்கமாக நின்றிருந்தால்? கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிரை நடும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.