சென்னையில் வீடு வாங்க எத்தனை நாள் ஆகும்? பதிவு அரை நாள்தான்... அலைச்சல் ஏன் மாதக்கணக்கில்?

தி.நகரில் ஃபிளாட் பார்த்தாச்சு, விலையும் பேசியாச்சு. அடுத்த மாசமே குடிபோயிடலாமா? பத்திரம் சுத்தமாக இருந்து, பணமும் ரெடியாக இருந்தால் ஒன்றரை மாதத்துக்குள் முடிக்கலாம். வங்கிக் கடன் வாங்குபவர்கள் இரண்டு, மூன்று மாதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆகும் நேரம் அரை நாள்தான். மீதி நாளெல்லாம் எங்கே போகிறது?

வாரிசுகள் வெளிநாட்டிலா?

மயிலாப்பூர், அடையாறு பக்கம் வீடு அப்பா பெயரில், பிள்ளைகள் அமெரிக்காவில் என்பது சகஜம். அப்பா காலமாகியிருந்தால், உரிமையுள்ள வாரிசுகள் அனைவரும் கையெழுத்து போட வேண்டும். வர முடியாதவர், இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்டணும். உயில் இருந்தால் அதையும் வழக்கறிஞரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள்.

கோயில் மனையா?

மயிலாப்பூரில் சில வீடுகளில் கட்டடம்தான் விற்பவருடையது, நிலம் கோயிலுடையது. அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தைப் பதிவு செய்ய முடியாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அதைத் தடுக்கிறது. இது தெரியாமல் அட்வான்ஸ் கொடுத்தால் பணம் முடங்கிடும்.

கையில் எவ்வளவு வேணும்?

1 கோடி ரூபாய் ஃபிளாட் என்றால் வங்கி அதிகபட்சம் 75 லட்சம்தான் தரும். முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என 9 லட்சம் தனி. ஆக, 34 லட்சம் உங்கள் கையில் இருக்கணும். கடைசி நேரத்தில் பல பதிவுகள் தள்ளிப்போவது இந்த 9 லட்சத்தை மறந்துவிடுவதால்தான்.

வேகமாக முடிக்க என்ன செய்யலாம்?

* அட்வான்ஸுக்கு முன்பே ஈ.சி. பாருங்கள். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 30 வருடத்துக்குப் பார்ப்பது நல்லது.

* மூலப்பத்திரம் ஒரிஜினலா, ஃபிளாட்டுக்கான யூடிஎஸ் எவ்வளவு, சிஎம்டிஏ அனுமதித்த வரைபடப்படி கட்டியிருக்கிறார்களா என்று அதே வாரத்தில் கேட்டுவிடுங்கள்.

* வீடு தேடும்போதே கடனுக்கு முன் அனுமதி வாங்கிவிடுங்கள். வங்கி வக்கீலும் உங்கள் வக்கீலும் ஒரே நேரத்தில் பத்திரம் பார்க்கட்டும். ஒருவர் முடித்த பிறகு இன்னொருவர் என்றால் இரண்டு வாரம் வீண்.

* விற்பவருக்கு வீட்டுக் கடன் பாக்கியா? நிலுவைக் கடிதத்தை முதல் நாளே கேளுங்கள். கடன் அடைத்த 30 நாளுக்குள் வங்கி ஒரிஜினல் பத்திரத்தைத் திருப்பித் தரணும். தங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரணும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு.

* விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1% டிடிஎஸ் பிடிப்பது உங்கள் பொறுப்பு. விற்பவர் என்ஆர்ஐ என்றால் விகிதம் பல மடங்கு கூடும். அதைக் குறைக்கும் சான்றுக்கு அவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கட்டும்.

* பதிவு டோக்கனை ஆன்லைனில் எடுங்கள். முகூர்த்த நாளில் கூட்டம் நெரியும். நாள், நட்சத்திரம் பார்க்காதவர்களுக்கு ஆடி மாதம் வசதி.

எதில் அவசரம் கூடாது?

வக்கீலின் கருத்து எழுத்தில் வரும்வரை பெரிய தொகை கொடுக்காதீர்கள். "இன்னொரு பார்ட்டி காத்திருக்காங்க" என்று புரோக்கர் அவசரப்படுத்தினாலும் சரி. பத்திரத்தில் சிக்கல் வந்தால் அட்வான்ஸை எத்தனை நாளில் திருப்பித் தரணும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அங்கே இரண்டு வாரம் கூடினால் பரவாயில்லை. கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்கு.