கார்ச் சாவியின் மின்கலத்தை மாற்றும் முறை

கொல்லிமலையில் திருப்புலி நாடு முதலிய நாடுகளில் விளையும் மிளகும், காப்பியும், பலாவும், அன்னாசியும் ஒரு காலத்தில் தலைச்சுமையாகவே அடிவாரம் சென்று சேர்ந்தன. இன்றோ, காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறிவரும் சாலையில் கார்களும் சரக்கு வண்டிகளும் ஓடுகின்றன. நமது அங்கத்தினர் பலர் சொந்தமாகவோ கூட்டாகவோ வண்டி வைத்துள்ளனர். அவ்வண்டிகளுட் பல, பொத்தானை அமுக்கினால் தொலைவிலிருந்தே கதவு திறக்கும் ரிமோட் சாவி உடையவை.

மார்கழி மாதத்து விடியற்காலையில் ஓர் அங்கத்தினர் காப்பிக்கொட்டை மூட்டைகளுடன் அடிவாரத்துச் சந்தைக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாவியை அமுக்குகிறார், கதவு திறக்கவில்லை. வண்டியே பழுதாகிவிட்டது என்று கருதி, அடிவாரத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைக்கிறார். ஒரு நாள் சந்தை போயிற்று. மெக்கானிக்கின் கூலியும் போயிற்று. உண்மையில் பழுதானது சாவிக்குள் இருக்கும், ஒரு நாணயத்தை ஒத்த சிறு மின்கலம் மட்டுமே. அதனை வீட்டிலேயே சில நிமிஷங்களில் மாற்றிவிடலாம். அம்முறையையும், அதனினும் முக்கியமாக, கழற்றிய பழைய மின்கலத்தால் விளையக்கூடிய அபாயத்தையும் இங்கு விளக்குவோம்.

சாவிக்குள் இருப்பவை

இத்தகைய சாவியினுள் பொதுவாக இரண்டு தனித்தனி அமைப்புகள் உள்ளன. முதலாவது, ரேடியோ அலையை அனுப்பிக் கதவைத் திறப்பது. நம் நாட்டுக் கார்களில் இவ்வலை பெரும்பாலும் விநாடிக்குச் சுமார் 43 கோடி தடவை அதிர்வது. மின்கலம் வேண்டுவது இதற்கே. இரண்டாவது, திருட்டைத் தடுக்கும் சிறு சில்லு. சாவியைத் துவாரத்தில் நுழைத்துத் திருப்பும்போது, துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் எழுப்பும் காந்தப் புலத்திலிருந்தே இச்சில்லு தனக்கு வேண்டிய மின்சக்தியைப் பெற்று, தன் அடையாள எண்ணைக் காருக்கு அறிவிக்கும். எண் பொருந்தினால் எஞ்சின் ஓடும். இதற்கு மின்கலத்தின் தயவு தேவையில்லை. ஆகவே, மின்கலம் தீர்ந்தபோதும் வண்டியைக் கிளப்ப வழி உண்டு.

மின்கலத்தைக் கழற்றினால் சாவி தன் எண்ணை மறந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுவர். நெசவாளர்கள் ஜக்கார்டு தறியின் அட்டைத் தொடரை அறிவர். ஒவ்வோர் இழைக்கும் ஓர் அட்டை நகர்ந்து அடுத்தது வருகிறது. அவ்வாறே, பொத்தானை அமுக்குந்தோறும் சாவி ஒரு புதிய எண்ணை அனுப்பும். காரும் அதே வரிசையைப் பின்பற்றி வரும். வேறொருவன் ஓர் எண்ணைக் களவாகப் பதிவு செய்து கொண்டாலும், மறுமுறை அது பயன்படாதிருக்கவே இந்த ஏற்பாடு. தறியை நிறுத்தினாலும் அட்டைகள் இருந்த இடத்திலேயே இருப்பதுபோல, மின்கலத்தைக் கழற்றினாலும் இவ்வரிசை சாதாரணமாக அழிவதில்லை.

வழியில் சாவி ஓய்ந்துவிட்டால்

முன்னெல்லாம் தொலைவிலிருந்து திறந்த கதவு, அருகில் சென்றால் மட்டுமே திறப்பதும், இரண்டு மூன்று தடவை அமுக்க வேண்டியிருப்பதும் மின்கலம் தளர்ந்ததன் அறிகுறிகள். குளிரில் மின்கலத்தின் ஆற்றல் சற்றுக் குறையுமாதலால், மலையில் பனிக்காலத்து விடியலிலேயே இக்குறை முதலில் தெரியவரும். சாவியைச் சற்று நேரம் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி அமுக்கினால், சில சமயம் அன்றைய காரியம் நிறைவேறும்.

அதற்கும் இணங்காவிடில், உலோகச் சாவியால் கதவைத் திறக்கலாம். சாவியாகத் தோன்றாத ரிமோட்டிலும் ஓர் உலோகச் சாவி மறைந்திருக்கும். பக்கத்திலுள்ள சிறு தாழை நகர்த்தினால் அது வெளிவரும். அவ்வாறு திறக்கும்போது சில கார்களில் அபாய ஒலி எழும்பும். எஞ்சினைக் கிளப்பினால் அது நின்றுவிடும். பொத்தானை அமுக்கிக் கிளப்பும் கார்களில், பிரேக்கையோ கிளச்சையோ வழக்கம்போல் மிதித்துக்கொண்டு, ரிமோட்டை அப்பொத்தானின்மீது ஒட்டிப் பிடித்து அமுக்க வேண்டும். சில கார்களில் ரிமோட்டை வைப்பதற்குத் தனியிடம் இருக்கும். அஃது எங்கே என்பதை வண்டியுடன் வந்த கைப்புத்தகத்தில் இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுதல் நலம்.

சரியான மின்கலம்

கடையில் ‘பட்டன் செல்’ என்று மட்டும் கேட்டு வாங்குவது தவறு. பழைய மின்கலத்தின் முகத்தில் உள்ள எண்ணைப் பார்த்து அதையே வாங்க வேண்டும். கார்ச் சாவிகளில் பெரிதும் காணப்படுவது சி.ஆர். 2032. இதில் 20 என்பது விட்டம் 20 மில்லிமீட்டர் என்பதையும், 32 என்பது கனம் 3.2 மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். சி.ஆர். 2025 அதே விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும் உடையது, சி.ஆர். 2016-இன் கனம் 1.6 மில்லிமீட்டர். மூன்றும் 3 வோல்ட் மின்னழுத்தம் தருபவையே. எனினும், நாடாவுக்குள் தளர்ந்து கிடக்கும் தார் எவ்வாறு ஒழுங்காக ஓடாதோ, அவ்வாறே மெல்லிய மின்கலம் தகட்டைச் சரிவரத் தொடாது. தடித்ததோ மூடியை மூடவிடாது. முத்திரை பிரியாத உறையில், காலாவதித் தேதி கடவாததை வாங்குக. விலை பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் அடங்கும். இவை மீண்டும் சார்ஜ் செய்யத்தக்கவை அல்ல. அவ்வாறு முயன்றால் வெடிக்கவும் கூடும்.

மாற்றும் முறை

முதலில், கைகளை நன்கு துடைத்துக்கொண்டு, மேசையின்மீது ஒரு வெள்ளைத் துணியை விரித்து அமர்க. தவறி விழும் சிறு பாகம் அதன்மீது எளிதில் தென்படும். வீட்டுக் குழந்தைகள் அப்போது அருகில் இருத்தல் ஆகாது.

இரண்டாவதாக, உலோகச் சாவி மறைந்திருந்தால் அதை வெளியே எடுத்துவிடுக. மூடியின் விளிம்பில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். தட்டை முனையுள்ள சிறு திருப்புளியின் நுனியைத் துணியால் சுற்றி அப்பள்ளத்தில் வைத்து மெல்லத் திருப்பினால் மூடி விலகும். சில சாவிகளில் சிறு திருகாணி இருக்கும். அதை முதலில் கழற்ற வேண்டும். கத்தியையோ அரிவாள் முனையையோ கொண்டு நெம்புதல் கூடாது. கையும் புண்படும், சாவியும் பிளக்கும்.

மூன்றாவதாக, மின்கலத்தின் எந்தப் பக்கம் மேல்நோக்கி உள்ளது என்பதை எடுக்குமுன் பார்த்துக்கொள்க. எழுத்தும் கூட்டல் குறியும் பொறித்த பக்கமே நேர்முனை. அது சில சாவிகளில் மேல்நோக்கியும் சிலவற்றில் கீழ்நோக்கியும் இருக்கும். பார்த்தபின், பிளாஸ்டிக் அல்லது மூங்கில் குச்சியால் பழையதை நெம்பி எடுக்கலாம். அதைப் பிடித்திருக்கும் உலோக நாக்குகளை வளைத்துவிடாதிருத்தல் அவசியம்.

நான்காவதாக, புதிய மின்கலத்தை விளிம்பால் பிடித்து அதே பக்கமாகப் பொருத்துக. விரலின் எண்ணெய்ப் பசை முகத்தில் பட்டிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிடுக. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் இருப்பின் அதைத் தவறாது உரிய இடத்தில் வைக்க வேண்டும். மலையின் பனியும் மழையும் சாவிக்குள் புகாமல் காப்பது அதுவே. பின்னர், ‘டக்’ என்ற ஒலி கேட்கும் வரை சுற்றிலும் அழுத்தி மூடுக.

இவ்வளவும் செய்த பின்னும் சாவி இயங்காவிடில், மின்கலம் தலைகீழாக உள்ளதா, நாக்கு விலகியுள்ளதா என்று மறுபடி பார்க்க வேண்டும். இரண்டும் சரியாயிருந்தால், சாவியும் காரும் எண் வரிசையில் பிரிந்திருக்கலாம். அவற்றை மீண்டும் இணைக்கும் முறை காருக்குக் கார் வேறுபடுமாதலால், கைப்புத்தகத்தையே பின்பற்றுக.

பழைய மின்கலத்தின் அபாயம்

சாவியை இயக்கமாட்டாத மின்கலத்திலும் ஒரு குழந்தையின் உயிருக்கு ஊறு செய்யப் போதிய மின்சாரம் எஞ்சியிருக்கும். 20 மில்லிமீட்டர் அளவுள்ள மின்கலத்தை விழுங்கிய சிறு குழந்தையின் உணவுக்குழாயில் அது சிக்கிக்கொள்ளக் கூடும். உமிழ்நீர் வழியே மின்சாரம் ஓடி, எதிர்முனைப் பக்கம் கடுங்காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே சதையை அரிக்கத் தொடங்கும். எச்சில் வடிதல், இருமல், உணவு மறுத்தல் ஆகியவை அறிகுறிகள். எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். மலையிலிருந்து இறங்குவதற்கே நேரம் பிடிக்கும் நமக்கு, இந்த இரண்டு மணி நேரம் எத்துணைச் சிறியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே 108-ஐ அழைத்து உடனே புறப்பட வேண்டும். வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. உணவும் நீரும் கொடுத்தல் கூடாது. ஒரு வயது நிறைந்த, விழுங்கக்கூடிய நிலையிலுள்ள குழந்தைக்கு, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகாதிருப்பின், போகும் வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஆறு தடவைக்கு மேற்படலாகாது. தேன் அரிப்பைத் தாமதப்படுத்தும் என்பது மருத்துவர் கண்டது. தேன் சிகிச்சையாகாது, அதைத் தேடுவதற்காகப் பயணத்தை நிறுத்தலாகாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. மின்கலத்தின் எண் எழுதிய உறை கிடைத்தால் மருத்துவரிடம் காட்டுக.

ஆகவே, பழையதைக் கழற்றிய அக்கணமே அதன் இரு முகங்களையும் ஒட்டுநாடாவால் மூடி, இறுக்கமான டப்பாவில் இட்டு உயரத்தில் வைக்க வேண்டும். அடுப்பிலோ எருக்குழியிலோ எறிதல் கூடாது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இவற்றைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது உற்பத்தியாளர் பொறுப்பு. வீட்டுக் குப்பையுடன் கலவாது தனியே கொடுப்பது நம் பொறுப்பு.

இங்கேதான் கூட்டுறவு பயன்படும். ஒரு வீட்டில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மின்கலம் தீரும். அதற்காக எவரும் நகருக்குப் போகமாட்டார். சங்க அலுவலகத்தில் மூடியுள்ள ஒரு தகர டப்பாவை வைத்து அனைவரும் அதில் இட்டு வந்தால், சங்கத்து வண்டி அடிவாரம் செல்லும் நாளில் சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைத்துவிடலாம். அடுத்த கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். செலவு ஒரு தகர டப்பா. காக்கப்படுவது நம் குழந்தைகளின் உயிர்.